ரித்வாவின் வலது கால்

ம்த்க்வாரி ஆற்றங்கரையில்
மீன் பிடிப்பவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள்.
வாளியோடு வருகிறவள்
மீனுக்கு வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.
திபிலிசியின் கழிவு விழும் வாயருகே
கயிற்றை இறக்குகிறேன்.
ஜனவரி. கயிறு கையை அறுக்கிறது.
மேலே பாலத்தில்
அடுப்பை விட்டு வந்த சூடு ஆறாத ரொட்டியை
அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறார்கள்.

என் வாளியில்
நீங்கள் பெயர் சொல்லத் தயங்கும் எல்லாம் இருக்கிறது.
மூடியிட்டுச் சீட்டு ஒட்டுகிறேன்:
இடம், நாள், நானுலி.

ரித்வா பின்லாந்துக்காரி.
குவோபியோவில் இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவள்.
பனியில் விழுந்து முறிந்த கணுக்கால்,
அதற்குள் வைத்த தகடு,
தகட்டின் மேல் சூடோமோனாஸ்.
வாடகை தராத குடி.
கட்டைப் பிரித்தால்
பச்சைச் சீழ், திராட்சை வாடை.
எங்கள் நாட்டில் அந்த வாடைக்கு
அக்டோபர் என்று பெயர்,
அண்டை வீட்டாரெல்லாம் கூடி மிதிக்கும் தொட்டி என்று பெயர்.
இப்போது திராட்சை தின்னும்போதும்
எனக்கு அவள் கால் ஞாபகம்.

ஏழு மருந்து பார்த்தாயிற்று.
ஏழின் பெயரையும்
பேருந்து நிறுத்தங்களைப் போல வரிசையாக ஒப்பிப்பாள்.
கடைசி நிறுத்தம்: முழங்காலுக்குக் கீழே.
"அங்கே நான் இறங்கவில்லை" என்றாள் மருத்துவரிடம்,
எங்கள் ஊருக்குச் சீட்டு வாங்கினாள்.

அவள் சீழை ஒரு தட்டில் விதைக்கிறேன்.
முப்பத்தேழு டிகிரி, ஓர் உடம்பின் சூடு.
ஓர் இரவில் புல்வெளி.
அதன் மேல் வடிகட்டிய ஆற்றுநீரைச் சொட்டு விட்டு
விடியும் வரை காத்திருக்க வேண்டும்,
ஓட்டை விழுகிறதா என்று.
ஓட்டை விழுந்தால் குதிக்கிற வேலை
உலகில் வேறெது?

ஃபேஜுக்குத் தலை உண்டு, வயிறு இல்லை.
கால்கள் உண்டு, நடை இல்லை.
உயிரா இல்லையா என்ற வழக்கு
இன்னும் முடியவில்லை.
மிதக்கும். மோதும்.
பூட்டு பொருந்தினால் உள்ளே இறங்கி
நூறாகி வீட்டை உடைத்து வெளியே வரும்.
பொருந்தாவிட்டால்
கோபமில்லாமல் கடந்து போகும்.
முள்ளை முள்ளால் எடுப்பது அல்ல இது,
முள்ளுக்கே தைக்கிற முள்.

எங்கள் குளிர்பெட்டியில் உறங்கும் அத்தனையும்
கடந்து போயின.
ஆறு வாளி ஆறும்
கடந்து போயிற்று.
புல்வெளி அப்படியே, பச்சையாக,
கால்பந்து ஆடலாம் போல.

ஏழாவதுக்கு நான் ஆற்றுக்குப் போகவில்லை.
அவள் படுத்திருக்கும் வார்டின் பின்புறம்
சாக்கடை மூடியை ஒதாரி கம்பியால் நெம்பினான்.
இருபது படுக்கையின் குளியல்,
கழுவிய புண்கள்.
மறுநாள் தட்டில் நாலு ஓட்டை.
ஊசிமுனை அளவு.
எண்ணினேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

எங்கிருந்து என்று கேட்டாள்.
மருத்துவர் "இயற்கை நீர்" என்று சொல்லியிருந்தார்.
நான் சன்னலுக்குக் கீழே காட்டினேன்.
சிரித்தாள், தையல் இழுக்கும் அளவுக்கு.
புண்ணில் ஊற்றினோம்.
வாயிலும் ஒரு சின்னக் கண்ணாடி அளவு:
உப்பு, கொஞ்சம் மண், என்றாள்.

பன்னிரண்டாம் நாள்
கிருமி பூட்டை மாற்றிக்கொண்டது.
மறுபடி சாக்கடை, மறுபடி தட்டு,
மறுபடி இரண்டு ஓட்டை.
இதை வெற்றி என்று நான் எழுதவில்லை.
பதிவேட்டில் எழுதியது:
சீழ் குறைவு. வாடை இல்லை.

ஏப்ரலில் ஊன்றுகோலோடு போனாள்.
ஆற்றின் பெயரைக் கடைசிவரை
அவளால் சொல்ல முடியவில்லை.
ஓர் அட்டை வந்தது, பனி மூடிய பணிமனை:
"பிரேக்கை அழுத்தினால் வலிக்கிறது. அழுத்துகிறேன்."
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
உள்ளே நாலு டிகிரியில்
அவளுடைய ஆறும் உறங்குகின்றன.

இன்று யாரோ ஒரு வயலின்காரரின் தாடையெலும்பு.
அந்த ஆறும் அவருக்குப் பொருந்தவில்லை.
கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு
வாசலில் நிற்கிறேன்.
ஒதாரி
வண்டிச் சாவியைத் தேடுகிறான்.